முதலடி மட்டும் எழுதுக

காதில் இருப்பதை ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் போதும், அம்மா. இரண்டையும் எடுக்க வேண்டியதில்லை. முப்பத்தோர் ஆண்டுகள் வகுப்பறையில் நின்று பேசிய குரல் இது. பேருந்தின் இரைச்சலுக்கெல்லாம் அஞ்சாது.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். இப்போது உங்கள் காதில் ஓடிய பாட்டில் ‘கேட்டுட்டுப் போயேன்’ என்று ஓர் அடி வருகிறதா? வருகிறதல்லவா. நான் ஒட்டுக்கேட்கவில்லை, வெளியே கசிந்தது. ‘போ’ என்றிருந்தால் அது ஏவல். ‘போயேன்’ என்றால் அது ஏவல் போலத் தோன்றும் வேண்டுகோள். இந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பவர் பிறரிடம் ‘முடியாது’ என்று சொல்லத் தெரியாதவராக இருப்பார். நான் எடுக்கச் சொன்னவுடன் நீங்கள் எடுத்தீர்கள், பாருங்கள்.

வியப்படைய வேண்டாம். இது சோதிடம் அன்று; கிளி எடுத்துத் தரும் சீட்டும் அன்று. இது இலக்கணம்.

என் பெயர் மங்கையர்க்கரசி. பாளையங்கோட்டையில் ஒரு மகளிர் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியை. கல்லூரி விடுதிக்குத் துணைக் காப்பாளராகவும் பத்தொன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். இப்போது மதுரைக்கு ஒரு கருத்தரங்குக்குப் போகிறேன். மடியில் இருக்கும் இந்தப் பையில் என் கட்டுரை இருக்கிறது. ‘விருப்பப் பாடலின் வினைமுற்றும் விடுதி மாணவியர் இயல்பும்’ என்பது தலைப்பு. பத்து நிமிடம்தான் தருவார்களாம். பத்தொன்பது ஆண்டு உழைப்பைப் பத்து நிமிடத்தில் எப்படிச் சொல்வது? அதனால்தான் யாரிடமாவது முழுமையாக ஒரு முறை சொல்லிப் பார்க்கலாம் என்று எண்ணினேன். நீங்கள் எங்கே இறங்குகிறீர்கள்? சாத்தூரா? நல்லது, நேரம் இருக்கிறது.

எங்கள் விடுதிச் சேர்க்கை விண்ணப்பத்தில் பத்து வினாக்கள் எல்லா விடுதியிலும் கேட்பவைதாம். பெயர், ஊர், குருதி வகை, தந்தையின் தொலைபேசி எண். பதினோராவது வினா என்னுடையது. ‘உமக்குப் பிடித்த பாடல்கள் மூன்று. முதலடி மட்டும் எழுதுக.’ அதை வைத்துத்தான் யாரை எந்த அறையில் யாரோடு அமர்த்துவது என்று முடிவு செய்வேன்.

பாட்டின் பொருளை நான் பார்ப்பதில்லை. பொருளைப் பார்த்தால் ஏமாந்து போவோம். பத்துப் பாட்டில் ஒன்பது காதல்தான். வினையைப் பார்க்க வேண்டும். ‘ஆடு, ஓடு, தூக்கு’ என்று ஏவல் வினையாக விரும்பும் பெண், அறைக்குள் நுழைந்தவுடன் மின்விசிறியை ஐந்தில் வைப்பாள். மற்றவளுக்குக் குளிர்கிறதா என்று கேட்க மாட்டாள். ‘கண்ணே, மானே’ என்று விளியாக விரும்புகிறவளுக்குக் குளியலறைக்குப் போகவும் துணைக்கு ஆள் வேண்டும். ‘வருவேன், தருவேன்’ என்று எதிர்காலத்தை விரும்புகிறவர்கள் நூலகத்துப் புத்தகத்தைத் திருப்பித் தரமாட்டார்கள். ஓராண்டு தெரியாமல் எதிர்காலம் மூவரை ஒரே அறையில் போட்டுவிட்டேன். ஜூன் மாதம் முதல் அந்த அறை பெருக்கப்படவே இல்லை. ‘பெருக்கிடுவோம் மேடம்’ என்பார்கள். மூவரும் ஒரே குரலில், ஒரே காலத்தில்.

பொருளே இல்லாத சொற்கள் வரும் பாட்டுகள் இருக்கின்றனவே, ‘டங்கரு டிங்கரு’ என்று? அவற்றை விரும்புவோர் பெரும்பாலும் கணிதத் துறை. காரணம் இன்னும் ஆய்வில் இருக்கிறது.

என்ன? நான் முணுமுணுத்தேனா? இல்லையே. ‘தட்டாதே’ என்றேனா? உங்கள் பக்கத்து ஜன்னல் கண்ணாடி தடதடவென்று தட்டிக்கொண்டே வருகிறது, அதைச் சொல்லியிருப்பேன். ராகத்தோடு சொன்னேனா? தொண்டையில் சளி. நான் பாட்டுப் பாடுவதில்லை, அம்மா. எனக்குப் பிடித்த பாட்டு என்று ஒன்றும் கிடையாது. பரிசோதிப்பவர் சார்பில்லாமல் இருக்க வேண்டும்.

விடுதியில் மாலை ஏழு மணிக்குப் படிப்பு நேரம். அப்போது தாழ்வாரத்தில் ஒரு சுற்றுப் போவேன். கதவருகே சற்று நிற்பேன். உள்ளே என்ன பாட்டு ஓடுகிறது என்று குறித்துக்கொள்வேன். விண்ணப்பத்தில் ஒன்று எழுதிவிட்டு அறையில் வேறொன்று கேட்கிறார்களா என்று தெரிய வேண்டுமே. மாணவியர் எனக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ‘ஒற்று’ என்று. நான் சந்திப் பிழையை விடாமல் திருத்துவேன். எங்கே க், ச், த், ப் மிகும், எங்கே மிகாது என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அதனால் வந்த பெயர். முப்பத்தோர் ஆண்டுகளில் என் பாடத்தை ஒட்டி எனக்கு ஒரு பெயர் கிடைத்திருக்கிறது என்பதில் எனக்கு நிறைவுதான். வேறு பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு. அரசர்கள் காலத்தில் வேவு பார்ப்பவனை ஒற்று என்பார்கள். இந்தக் காலத்துப் பெண்களுக்கு அதெல்லாம் தெரியாது.

நான் தாழ்வாரத்தின் முனை திரும்புவதற்கு முன்பே ‘ஏட்டி, ஒற்று வருது, ஒற்று வருது’ என்ற குரல் கேட்கும். ‘வருது’ என்று அஃறிணை முடிபு கொடுக்கிறார்களே என்று முதலில் வருந்தினேன். ஒற்று என்பது எழுத்து, எழுத்து அஃறிணைதான். முடிபு சரியே. ஆனால் ஒன்று மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் ரப்பர் செருப்புத்தான் போடுவேன், ஓசை வராது. பிறகு எப்படி முன்கூட்டியே தெரிகிறது அவர்களுக்கு?

இருக்கட்டும். இந்த ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டாம் ஆண்டு இயற்பியலில் ஆவுடைச்செல்வி என்றொரு பெண். சங்கரன்கோவில் பக்கம். அவள் தந்தை அங்கே மைக் செட் வாடகைக்கு விடுகிறார். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எதுவானாலும் அவருடைய குழாய்தான் ஊரை எழுப்புமாம். பெண்ணின் விண்ணப்பத்தைப் பார்த்தபோதே தெரிந்தது. ‘ஏத்து ஏத்து சவுண்ட ஏத்து.’ ‘தள்ளு தள்ளு ஓரந்தள்ளு.’ ‘குதி குதி கூர அதிர.’ ஏவல், ஏவல், ஏவல். அவளை மூன்றாம் எண் அறையில், ‘வாழ்க, வளர்க’ என்று வியங்கோளாகவே எழுதியிருந்த ஒரு சாதுப் பெண்ணோடு அமர்த்தினேன். ஒருத்தி ஏவுவாள், மற்றவள் வாழ்த்துவாள். அருமையான இயைபு.

அவளுடைய ஊர்ப் பெண்ணே ஒருத்தி இந்த ஆண்டு முதலாமாண்டு சேர்ந்தாள். மாடத்தி என்று பெயர். வீட்டை விட்டு ஒரு நாளும் வெளியே தங்காத பெண். அவள் விண்ணப்பத்தில், ‘எந்த பஸ்ஸுல நீ வருவ?’ என்று ஒரு பாட்டு. ‘என்ன கொழம்பு நம்ம வீட்ல?’ என்று இன்னொன்று. இரண்டும் வினா. மூன்றாவது இடத்தில் ‘தெரியல’ என்று எழுதியிருந்தாள். அப்படி ஒரு பாட்டு இருக்கிறதோ என்று இரண்டு நாள் தேடினேன். பிறகுதான் அது பாட்டு அன்று, விடை என்று தெரிந்தது.

அவளை இருபத்திரண்டாம் அறையில் பக்திப் பாடல் பெண்கள் மூவரோடு சேர்த்தேன். வந்த நாளிலிருந்து அழுகை. சோறு இறங்கவில்லை. பெட்டியைக் கட்டிக் கட்டி அவிழ்த்தாள். ஆவுடை என்னிடம் வந்தாள்.

“மேடம், மாடத்தி மூணு நாளா சாப்பிடல. எங்கூடப் போடுங்க, நான் பாத்துக்கிடுதேன்.”

“ஆவுடை, நீ ஏவல், அவள் வினா. ஒரே அறையில் கூடாது. நீ ‘சாப்பிடு’ என்பாய்; அவள் ‘ஏன்’ என்பாள். சண்டைதான் மிஞ்சும்.”

“அவ ஏன்னு கேக்க மாட்டா மேடம். சின்னப் பிள்ளையில இருந்து நான் சொன்னாத்தான் சாப்பிடுவா.”

“விதி என்று ஒன்று இருக்கிறது.”

“பாட்டு ஒத்துப்போகலன்னா ஆளும் ஒத்துப்போகாதா மேடம்? எங்கப்பா கொடைக்குச் சாமி பாட்டும் போடுவாரு, குத்துப் பாட்டும் போடுவாரு, ஒரே குழாய்லதான வருது?”

குழாய்க்கு உயிர் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நியாயமான விடைதானே?

அவள் மனு எழுதிவிட்டாள். நாற்பத்தாறு கையொப்பம். பதினோராம் வினாவை நீக்க வேண்டும், அறைகளை நாங்களே தேர்ந்துகொள்ள வேண்டும் என்று. முதல்வரிடம் கொடுப்பதற்கு முன் மரியாதைக்காக என்னிடம் காட்டினாள். படித்தேன். பதினேழு பிழை. ‘எங்களுடய’ என்று எழுதியிருந்தாள். ‘துன்பத்திற்க்கு’ என்று இரண்டு இடத்தில். அப்படியே போக விடலாமா? தமிழ்த்துறை இருக்கும் கல்லூரி. உட்கார்ந்து சிவப்பு மையால் முழுவதையும் திருத்தினேன். ‘கஷ்டமா இருக்கு’ என்பதை ‘ஆற்றொணாத் துயருறுகிறோம்’ என்று மாற்றினேன். திருத்தி முடித்தபின் அந்த மனு மிக வன்மையாக அமைந்துவிட்டது. முதல்வர் படித்துக் கண் கலங்கிவிட்டார் என்று சொன்னார்கள்.

எங்கள் முதல்வர் ஜெசிந்தா வேதியியல் படித்தவர். என்னை விட நான்கு வயது இளையவர். அறைக்கு அழைத்தார்.

“மங்கை, எதுக்கு இந்த வம்பு? கம்ப்யூட்டர்ல குலுக்கிப் போட்டுடலாம். யாரு யாரோட வந்தாலும் வரட்டும்.”

அம்மா, பத்தொன்பது ஆண்டுகள். ஆண்டுக்கு நூற்று இருபது பெண்கள். மூன்று மூன்று பாட்டு. ஒவ்வோர் அடிக்கும் நான் எழுவாய், பயனிலை பார்த்திருக்கிறேன். அதைக் குலுக்கிப் போடுவார்களாம். பதினோராம் வினா இல்லாவிட்டால் அந்த விடுதியில் எனக்கு என்ன வேலை? சாவி வைத்திருப்பது மட்டும்தான். அதற்குக் காவலாளியே இருக்கிறார்.

அப்போது ஆவுடைதான் ஒரு வழி சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு வாய் அதிகமே தவிர அறிவும் உண்டு.

“மேடம் சொல்றது சரின்னா சோதிச்சுப் பாத்துருவோம், பிரின்சிபால் மேடம். மூணு பேரோட பாட்டு எழுதிப் பேரு இல்லாமக் கொண்டாரோம். பேரு தனிக் கவர்ல. ஆளு எப்படின்னு ஒற்று… தமிழ் மேடம் கரெக்டாச் சொல்லிட்டா, மனுவ நாங்களே கிழிச்சிருதோம். தப்பாச் சொன்னா பதினோராவது கேள்விய எடுத்துரணும்.”

நான் ஒப்புக்கொண்டேன். வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, முதல்வர் அறையில்.

கயத்தாறு தாண்டிவிட்டதா? சரி, சரி.

நான் ஐந்து நிமிடம் முன்னதாகப் போய் அமர்ந்தேன். முதல்வர் இருந்தார். ஆவுடை நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் மாடத்தி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. தேநீர் சொல்லியிருந்தார்கள், வரவில்லை.

முதல் தாள். ‘நாளைக்கு நான் வருவேன்டி நாலு முழம் பூவோட.’ ‘பொறுத்திருந்தாத் தருவேன் பொங்கி வந்த பால.’ ‘சேல வாங்கித் தருவாரு செவ்வாக்கெழம.’ எனக்குச் சிரிப்பு வந்தது. குழந்தைக்குக் கொடுக்கும் வினாத்தாள். “மூன்றும் எதிர்காலம். இவர் சொன்ன நேரத்துக்கு எதையும் முடித்ததில்லை. கேட்டால் ‘இதோ ஆயிரும்’ என்பார். நல்ல மனம் உடையவர், ஆனால் இவரை நம்பிப் பசியோடு உட்காரக் கூடாது” என்றேன்.

உறையைப் பிரித்தார்கள். எசக்கியம்மாள். எங்கள் விடுதிச் சமையல்காரர். அவர் அந்த நொடியில்தான் மூன்று மணித் தேநீரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். மணி மூன்று நாற்பது.

“நான் என்னத்தம்மா லேட் பண்ணுதேன்? இட்லி வேகுற நேரம் வேகத்தான செய்யும். அடுப்ப வைஞ்சா ஆகுமா?” என்று கேட்டுவிட்டுத் தட்டை வைத்தார். மாடத்தி கூட முதல்முறையாகச் சிரித்தாள்.

இரண்டாம் தாள். ‘சொன்னதச் செய்.’ ‘எழுந்து நில்லு ராசா.’ ‘வழிய விடு வழிய விடு.’ “கடுமையான ஏவல். ஆவுடையே தோற்றாள். இவர் அடுத்தவர் பேச்சை முடிக்கவே விடமாட்டார். கேள்வியும் கேட்பார், விடை வருவதற்குள்…”

“ஓகே ஓகே மங்கை, நெக்ஸ்ட்” என்றார் முதல்வர்.

அந்த உறையை அவரே எடுத்துப் பிரித்துப் பார்த்து, மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டார். யார் என்று சொல்லவில்லை. ஏனோ தண்ணீர் குடித்தார். முடிவு அறிவிக்கப்படாததால் அதை என் கட்டுரையில் நான் சேர்க்கவில்லை. ஆய்வு நேர்மை என்று ஒன்று இருக்கிறது.

மூன்றாம் தாள்தான் என் கட்டுரையின் உயிர்நாடி. கவனமாகக் கேளுங்கள்.

அதில் ஒரே ஓர் அடிதான் இருந்தது. கீழே, ‘மூன்றும் இதே’ என்று குறிப்பு. எழுத்து ஆவுடையுடையது, யாருக்காகவோ எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்று புரிந்தது. அடி என்ன தெரியுமா?

‘தட்டாதே தட்டாதே தாழ்போட்ட கதவில்லை.’

பழைய பாட்டு. இந்தக் காலத்தவருக்குத் தெரிந்திருக்காது. நான் இளங்கலை படித்தபோது எங்கள் விடுதிக்கு எதிரே இருந்த தேநீர்க்கடையில் ஓயாமல் போடுவார்கள். எனக்கு ஒன்றும் பிடித்தம் இல்லை. ஜன்னல் பக்கம் போகும்போது காதில் விழும், அவ்வளவுதான். ஜன்னல் பக்கம்தான் என் மேசை. இரண்டாம் சரணத்தில் ஓர் ஒற்றுப் பிழை உண்டு. அதற்குப் பிறகு வயலின் வரும். வயலின் முடிந்து மறுபடி முதலடி வரும்போது பாடுகிறவர் குரல் கொஞ்சம் தாழ்ந்துவிடும். பிடித்தம் இல்லை என்று சொன்னேனல்லவா?

தாளைக் கையில் எடுத்தேன். அம்மா, பத்தொன்பது ஆண்டுகளில் இவ்வளவு தெளிவாக ஒருவரை நான் படித்ததில்லை. எண்ணிச் சொல்லவில்லை; தானாக வந்தது.

“தட்டாதே என்பது எதிர்மறை ஏவல். அதையே இருமுறை அடுக்கியிருக்கிறார். கேட்கிறவர்கள் இவ்வளவோடு நின்றுவிடுவார்கள். ‘ஐயோ, இவர் கடுமையானவர், கிட்டே போகக் கூடாது’ என்று திரும்பிப் போய்விடுவார்கள். வாக்கியத்தை முடிவுவரை படிக்க வேண்டும். தாழ்போட்ட கதவில்லை. இது இரண்டாவது எதிர்மறை. எதிர்மறை இரண்டு சேர்ந்தால் உடன்பாடு. அதாவது, இவர் ‘வராதே’ என்று சொல்லவில்லை. ‘ஏன் வெளியே நிற்கிறாய், திறந்துதானே இருக்கிறது, உள்ளே வா’ என்று சொல்கிறார். ஆனால் ‘வா’ என்ற சொல்லை மட்டும் இவரால் சொல்ல முடியவில்லை. ஒரே பாட்டை மூன்று முறை எழுதியிருப்பதால், நெடுங்காலமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரும் முழு அடியையும் கேட்கவில்லை.”

நான் முடித்தபோது எசக்கியம்மாள் காலித் தம்ளர்களைப் பிடித்தபடி அப்படியே நின்றார். ஆவுடை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு வாய் பேசுகிற பெண். என் ஆய்வின் வலிமை அவர்களை அடித்துப் போட்டுவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

முதல்வர்தான் மெதுவாகக் கேட்டார். “மங்கை, இப்படி ஒருத்தர் நம்ம ஹாஸ்டல்ல இருந்தா, அவங்களுக்கு என்ன செய்யணும்?”

உறையைப் பிரிக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது, அது மாடத்தி என்று. ஆவுடை வீட்டில் எல்லாப் பழைய பாட்டும் இருக்கும். மாடத்தியும் அந்தக் குழாயில் கேட்டு வளர்ந்திருப்பாள். நான் மாடத்தியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“இவரை ஒதுக்குப்புறமாக வைத்திருப்பது பெரிய தவறு. நடு அறையில், நாலு பேர் போகவரும் இடத்தில் அமர்த்த வேண்டும். இவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. கேட்டால் ‘என்ன வேண்டும்’ என்று வெடுக்கென்று கேட்பார், வந்தவர் போய்விடுவார். தட்டாமல் உள்ளே போய் உட்கார்ந்துவிட வேண்டும். முதல் ஒரு வாரம் சிடுசிடுப்பார். பொருட்படுத்தக் கூடாது. சாப்பிட ஏதாவது கொண்டுபோனால் நல்லது.”

முதல்வர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். பிறகு மூன்றாம் உறையைப் பிரித்துப் பார்த்தார். “கரெக்ட் மங்கை. நூத்துக்கு நூறு” என்றார். பெயரைப் படிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு வெட்கமாக இருக்கும் என்பதற்காக இருக்கலாம். ஆவுடை அங்கேயே மனுவை நான்காகக் கிழித்தாள். என் திருத்தங்களோடு கிழித்தாளே என்று சற்று வருத்தம். ஆனாலும் வென்றது இலக்கணம்.

பதினோராம் வினா இன்றும் விண்ணப்பத்தில் இருக்கிறது. அறையை மட்டும் பிள்ளைகளே பேசித் தேர்ந்துகொள்ளட்டும், நீங்கள் ஆலோசகராக இருங்கள் என்று முதல்வர் கேட்டுக்கொண்டார். காப்பாளரை விட ஆலோசகர் உயர்ந்த பதவி. ஒவ்வொரு விண்ணப்பத்தின் ஓரத்திலும் என் கருத்தை எழுதிக் கையொப்பமிடுகிறேன். யாரும் மறுத்ததில்லை. படிக்கிறார்களா என்று கேட்கிறீர்களா? படிக்காமல் எப்படி மறுக்காமல் இருக்க முடியும்?

மாடத்தியை ஆவுடையோடு போட்டார்கள். சாப்பிடுகிறாள். பெட்டி பரண்மேல் போய்விட்டது. “ஏவலும் வினாவும் ஒரே ரூம்ல இருக்கோம் மேடம், சண்டையே இல்ல” என்று ஆவுடை என்னைச் சீண்டினாள். எந்த விதிக்கும் புறனடை உண்டு, அது விதியின் குற்றம் அன்று என்று சொன்னேன்.

ஒரே ஒரு குறை. அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கட்டுரையில் அது இல்லை.

நான் பத்தொன்பது ஆண்டுகளாக வாயிற்கதவை ஒட்டிய காப்பாளர் குடியிருப்பில் இருந்தேன். ஓர் அறை, ஒரு சமையலறை, ஒரு நாற்காலி. இரண்டு நாற்காலி போட்டால் பேச்சு வளரும். அமைதியான இடம். சோதனை முடிந்த மறு வாரமே முதல்வர் வந்தார். “மங்கை, உங்க குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகுது, ரிப்பேர் பண்ணணும். பதினாலாம் நம்பர் ரூமுக்கு மாறிக்கோங்க” என்றார். திருநெல்வேலியில் நான்கு மாதமாக ஒரு தூறல் இல்லை. எங்கே ஒழுகியது என்று எனக்குத் தெரியவில்லை. பழுது பார்க்க இன்னும் ஆள் வரவில்லை. பதினான்காம் அறை தாழ்வாரத்தின் நட்டநடுவில். ஒரு பக்கம் ஏவல், மறு பக்கம் விளி. எதிரே தண்ணீர்க் குழாய். அங்கே எப்படி இருப்பது, சொல்லுங்கள்.

நாகரிகம் அறவே போய்விட்டது, அம்மா. ஒருத்தியாவது கதவைத் தட்டுவதில்லை. நேராக உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். “என்ன வேண்டும்?” என்று கேட்டால், “ஒண்ணும் வேண்டாம் மேடம், சும்மாதான்” என்கிறார்கள். ‘சும்மா’ என்பதற்கு எத்தனை பொருள் என்று விளக்க ஆரம்பித்தேன், உட்கார்ந்து கேட்டார்கள். முதல் வாரம் நன்றாகவே கண்டித்தேன். ஒருத்தியும் பொருட்படுத்தவில்லை. மாடத்தி ஊருக்குப் போய்வந்தால் அவள் அம்மா சுட்ட முறுக்கில் முதல் பொட்டலம் என் மேசையில் இருக்கும். எசக்கியம்மாள் கூட மாலைத் தேநீரை இப்போது என் அறைக்கே கொண்டுவந்து, தாமே உட்கார்ந்து குடித்துவிட்டுப் போகிறார். நேரத்துக்கு வருகிறார், அதுதான் வியப்பு. நாற்காலி ஐந்து சேர்ந்துவிட்டது. எங்கிருந்து வந்தன என்று எவளும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

இதோ, கைப்பேசியில் ஆவுடை. சற்றுப் பொறுங்கள். ஆவுடை, பேருந்தில் இருக்கிறேன். ஆமாம், சாப்பிட்டேன். கட்டுரையை மெதுவாகப் படிக்கிறேன். இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன், எனக்காகக் காத்திருக்க வேண்டாம். காத்திருப்பீர்களா? சரி. ‘வெற்றி பெற வாழ்த்துக்கள்’ அன்று, ‘வாழ்த்துகள்’. வைக்கிறேன்.

பார்த்தீர்களா? காலையிலிருந்து மூன்றாவது முறை. ஏவல் வினைக்காரி, விடமாட்டாள்.

சாத்தூர் வந்துவிட்டதே. பையை மறந்துவிடாதீர்கள். உங்களிடம் முழுவதும் சொன்னதில் எனக்குப் பெரிய உதவி. பத்து நிமிடத்துக்கு எதைச் சுருக்கலாம் என்று இப்போது தெளிவாகிவிட்டது. எதையும் சுருக்க முடியாது.

பாளையங்கோட்டைப் பக்கம் வந்தால் எங்கள் விடுதிக்கு அவசியம் வர வேண்டும். வாயிலில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நேரே தாழ்வாரம், நடுவில் பதினான்காம் எண். கதவைத் தட்டாதீர்கள், தாழ் போடும் வழக்கமே இல்லை.

ஏன் அம்மா சிரிக்கிறீர்கள்? வாக்கியத்தில் பிழை ஏதும் இருக்கிறதா?